கருந்துளைக்கும் பாகுநிலை உண்டு

ஆடி பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்தில் ஓர் எண்ணைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளந்து சொல்லும் நீர்வரத்து அது: விநாடிக்கு இத்தனை கன அடி. எண் ஏறினால் ஒகேனக்கல் அருவியில் குளிக்கத் தடை வரும், பரிசல் ஓட்டத் தடை வரும். இறங்கினால் பரிசல் துறையில் மீண்டும் கூட்டம் சேரும். ஊட்டமலைப் பரிசல்காரருக்கும், தடை போடும் அதிகாரிக்கும், கீழே மேட்டூர் அணையைக் காக்கும் பொறியாளருக்கும் முடிவெடுக்கப் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணே போதும்.

இது எப்படிப் போதுமானதாகிறது என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28 கிலோ எடை. அதிலுள்ள மூலக்கூறுகளை எண்ணினால் 1-ஐப் போட்டு அதன்பின் 27 சுழியங்கள் இட வேண்டும். அவற்றில் ஒன்றுகூட எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்வதால், தாம் எங்கிருந்து எப்படி வந்தோம் என்ற விவரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் முன்பே இழந்துவிடுகின்றன. எத்தனை மோதினாலும் அழியாமல் மிஞ்சுபவை நிறை, ஆற்றல், உந்தம் ஆகியவைதாம். பாய்மவியல் என்பது இந்த மிச்சத்தின் கணக்கு. 1822-ல் பிரான்ஸின் நாவியரும் 1845-ல் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸும் எழுதிய சமன்பாடு சொல்வதெல்லாம் இதுதான்: ஓர் இடத்தில் உந்தம் குறைந்தால் அது பக்கத்து இடத்துக்குப் போயிருக்க வேண்டும், அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது அவற்றுக்கிடையே உராய்வு இருக்கும். அந்த உராய்வின் அளவே பாகுநிலை. தேனுக்கு அதிகம், நீருக்குக் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்களுக்குள் ஓடும் நீரும் இந்தச் சமன்பாட்டுக்குத்தான் கட்டுப்படுகிறது.

இப்போது ஆற்றை விட்டு வானத்துக்குப் போவோம். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் 1915-ல் வந்தது. அதன்படி, ஒரு பெரிய விண்மீன் தன் எடையாலேயே நொறுங்கிக் கருந்துளை ஆகும்போது அதன் வரலாறு முழுவதும் தொலைந்துபோகிறது. விண்மீன் எதனால் ஆனது, எந்த வடிவில் இருந்தது என்பதெல்லாம் வெளியே இருப்பவருக்கு எட்டாது. கருந்துளை அடங்கிய பிறகு அதைப் பற்றிச் சொல்ல முடிந்தவை மூன்று எண்கள்: நிறை, சுழற்சி, மின்னூட்டம்.

அது அடங்கும் விதத்தை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூருவில் பிறந்த சி. வி. விசுவேசுவரா. கருந்துளையைச் சற்று அசைத்துவிட்டால் அது குறிப்பிட்ட அதிர்வெண்களில் அதிர்ந்து, விரைவில் தேய்ந்து, ஓய்ந்துவிடும் என்று 1970-ல் அவர் காட்டினார். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் பிடித்த முதல் ஈர்ப்பலையின் கடைசிப் பகுதியில் அந்தத் தேய்வு பதிவாகியிருந்தது. சூரியனைப் போல ஏறக்குறைய 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரு கருந்துளைகள் இணைந்து 62 மடங்கு நிறையுள்ள ஒன்றாயின. மிச்சம் மூன்று சூரிய நிறை ஈர்ப்பலையாகக் கரைந்தது. புதிதாய்ப் பிறந்த கருந்துளை சில மில்லிவிநாடிகளில் அமைதியடைந்தது. கலக்கிவிட்ட பாய்மம் தன் பாகுநிலையால் அமைதியடைவதும் இப்படித்தான். இரண்டும் விவரங்களை மறக்கின்றன, இரண்டும் ஒரு சில எண்களில் முடிகின்றன. மேலோட்டமான ஒப்புமையாகத் தொடங்கிய இந்தப் பார்வை, கடந்த ஐம்பது ஆண்டுகளில் சமன்பாட்டுக்குச் சமன்பாடு பொருந்தும் உறவாக வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியில் இந்தியர்களின் பங்கு பெரிது. நம் கல்லூரிகளில் அது போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பாய்மமும் கருந்துளையும் என்று பேச்செடுத்தால் பலருக்கும் நினைவுக்கு வருவது கனடாவின் வில்லியம் உன்ரூ 1981-ல் முன்வைத்த கருத்து. ஆழமற்ற நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழமென்றால் விநாடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர். பாறை இடுக்கில் நீர் அதைவிட வேகமாகப் பாய்ந்தால், அங்கே எழும் அலை மேல்நோக்கி ஏற முடியாது, அடித்துச் செல்லப்படும். ஒகேனக்கல்லில் காவிரி குறுகிப் பாயும் இடுக்குகளில் இத்தகைய எல்லைகள் இயல்பாகவே அமையக்கூடும். அந்த எல்லைக்குக் கீழே நடப்பதை எந்த அலையும் மேலே வந்து சொல்லாது. கருந்துளையின் நிகழ்வெல்லையை ஒளி தாண்டி வெளியே வர முடியாதது போன்றதே இது. உன்ரூ உண்மையில் பேசியது ஒலியையும் ஒலியை மிஞ்சி ஓடும் பாய்மத்தையும் பற்றி. நீர் அலைகளுக்கும் அதே கணிதம் பொருந்தும். வான்கூவரில் நீர்க்கால்வாய் அமைத்து 2011-ல் வெளியிட்ட சோதனையும், நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் வடியும் நீர்ச்சுழலின் மீது மோதிய அலைகள் வலுப்பெற்றுத் திரும்புவதைக் காட்டிய 2017-ன் சோதனையும் இந்த வழியில் வந்தவை.

அருமையான சோதனைகள் அவை. ஆனால் அங்கே நீர் கருந்துளையாக நடிக்கிறது, அவ்வளவே. நீரின் மீது ஓடும் அலைதான் கருந்துளைக்கு அருகே ஓடும் ஒளியைப் போல நடந்துகொள்கிறது. நீரே ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைப் பின்பற்றுவதில்லை. நான் சொல்ல வருவது இதற்கு எதிர்த்திசையில் உள்ள செய்தி: கருந்துளையே பாய்மமாக நடந்துகொள்கிறது, அதுவும் நடிப்பாக அல்ல.

இந்த இடத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாய்மங்களின் நிலைத்தன்மையைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1961-ல் வந்தது. கருந்துளைகளின் கணிதக் கோட்பாட்டைப் பற்றிய பெருநூல் 1983-ல், அவர் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில் வந்தது. இரண்டு துறைகளிலும் இன்றுவரை மாணவர்கள் தேடிப் போகும் நூல்கள் அவை. அந்த இரு நூல்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அவ்விரு துறைகளையும் இணைக்கும் பாலத்தின் முதல் கற்கள் பதிக்கப்பட்டன.

முதல் கல் 1971-ல் ஸ்டீபன் ஹாக்கிங் வைத்தது. கருந்துளையின் நிகழ்வெல்லைப் பரப்பு ஒருபோதும் குறையாது என்றார். அடுத்து ஜேக்கப் பெக்கன்ஸ்டைன், குறையாத அந்தப் பரப்புதான் கருந்துளையின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) என்று துணிந்து சொன்னார். 1974-ல் ஹாக்கிங் கருந்துளைக்கு வெப்பநிலை உண்டு என்று நிறுவியதும் பெக்கன்ஸ்டைன் சொன்னது உறுதியாயிற்று. இன்னொரு பக்கம், ஹாக்கிங்கும் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் வேறொன்றைக் கவனித்திருந்தார்கள். சுழலும் கருந்துளைக்கு அருகே ஒரு பொருள் இருந்தால், அதன் ஈர்ப்பால் நிகழ்வெல்லை சற்றுப் புடைக்கும். அந்தப் புடைப்பு கருந்துளையின் சுழற்சியைக் குறைக்கும். நிலவால் எழும் கடல் ஓதம் பூமியின் சுழற்சியைக் குறைப்பது போன்ற உராய்வு இது. உராய்வு உண்டென்றால் பாகுநிலையும் இருக்க வேண்டுமே?

பிரான்ஸின் திபோ தாமூர் 1970-களின் இறுதியில் இந்தக் கேள்வியை நேராகக் கணக்கிட்டார். நிகழ்வெல்லைக்கு வெளியே நிற்பவரின் பார்வையில், அந்த எல்லையை ஒரு மெல்லிய பாய்மப் படலமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கண்டார். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை நிகழ்வெல்லையின் மீது வீழ்த்தி எழுதினால், அதன் ஒரு பகுதி நாவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டின் வடிவில் நிற்கிறது. உந்தத்தைப் பற்றிய பகுதி இது. ஆற்றலைப் பற்றிய பகுதியோ, கொல்கத்தாவில் அமல் குமார் ராய்சவுதரி 1955-ல் வெளியிட்ட சமன்பாடேதான். ஒளிக்கதிர்க் கற்றைகள் ஈர்ப்பால் எப்படிக் குவிகின்றன என்று சொல்ல உதவும் அந்தச் சமன்பாடு, நிகழ்வெல்லையில் உராய்வால் எழும் வெப்பத்தின் கணக்கேடாக மாறிவிடுகிறது. கிப் தோர்ன், ரிச்சர்ட் பிரைஸ், டக்ளஸ் மெக்டொனால்டு ஆகியோர் 1986-ல் இதை ஒரு முழு நூலாக விரித்தார்கள்.

இந்தப் படலத்துக்கு ஒரு விபரீத குணமும் உண்டு. அழுத்தி விரிக்கும்போது வெளிப்படும் பருமப் பாகுநிலை அதற்கு எதிர்க்குறி எண்ணாக வருகிறது. சாதாரணப் பாய்மம் எதுவும் அப்படி இருந்தால் ஒரு கணமும் நிலைத்திராது. காரணம் நிகழ்வெல்லையின் வரையறையிலேயே இருக்கிறது. எந்த ஒளி இனி எக்காலத்திலும் தப்பாதோ அதுதான் எல்லை என்று வரையறுப்பதால், நாளை விழப்போகும் பொருளுக்காக நிகழ்வெல்லை இன்றே விரியத் தொடங்குகிறது. எதிர்காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பாய்மம் இது. ஆகவே பலர் தாமூரின் கண்டுபிடிப்பை அழகான கணக்கு வசதி என்று மட்டும் கருதினார்கள். உண்மையான பாய்மம் என்று ஏற்க இன்னும் இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. இயற்பியலர் வசதிக்காக வைத்துக்கொள்ளும் அலகுகளில், கருந்துளைப் படலத்தின் பாகுநிலை பரப்பளவு ஒன்றுக்கு 1/16π. என்ட்ரோபி பரப்பளவு ஒன்றுக்கு 1/4. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1/4π. கருந்துளை பெரியதா சிறியதா என்பதெல்லாம் இதில் இல்லை. 2001-ல் கியூசெப்பே பொலிகாஸ்ட்ரோ, டாம் தான் சோன், ஆந்திரேய் ஸ்டாரினெட்ஸ் மூவரும், வலுவாக வினைபுரியும் ஒருவகைத் துகள் பாய்மத்துக்கும் இதே 1/4π வருகிறது என்று காட்டினார்கள். பின்பு இதுவே இயற்கை அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவாக இருக்கலாம் என்றும் முன்மொழியப்பட்டது. (சில கற்பனைக் கோட்பாடுகளில் இதைவிடச் சற்றுக் கீழேயும் போகலாம் என்று பின்னர் தெரியவந்தது.) அறை வெப்பநிலையில் உள்ள நீருக்கு இந்த விகிதம் அதைப்போல் ஏறத்தாழ 380 மடங்கு. கருந்துளையோடு ஒப்பிட்டால் காவிரி நீரும் கெட்டியான பாகுதான்.

கற்பனைக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாதபடி 2005-ல் சோதனை முடிவு வந்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் மோதவிட்டபோது, புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி குவார்க்-குளுவான் பிளாஸ்மா ஆயின. அதன் வெப்பம் லட்சம் கோடி டிகிரிக் கணக்கில் இருந்தது. வாயுவைப் போலச் சிதறும் என்று பலர் எதிர்பார்த்த அது, திரவமாக ஓடியது. பாகுநிலைக்கும் என்ட்ரோபிக்குமான விகிதம் 1/4π-க்குச் சில மடங்குக்குள் இருந்தது. அந்தச் சோதனையிலும் பின்னர் ஜெனீவாவின் ஆலிஸ் சோதனையிலும் ஃபோட்டான்களை எண்ணும் கருவிகளைக் கட்டமைத்ததில் கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் முன்னின்றது.

சரி, ஒரு விகிதம் பொருந்துகிறது. முழுச் சமன்பாடும் பொருந்துமா? இதற்கான விடை மும்பை கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பெருமளவு உருவானது. 2007 டிசம்பரில் சயந்தனி பட்டாச்சார்யா, வெரோனிகா ஹூபெனி, ஷிராஸ் மின்வாலா, முகுந்த் ரங்கமணி நால்வரும் எழுதிய கட்டுரை அது. பட்டாச்சார்யா அப்போது அங்கே ஆய்வு மாணவி. மின்வாலா அங்கே பேராசிரியர். மற்ற இருவரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள்.

அவர்கள் செய்ததை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். 1997-ல் ஹுவான் மால்டசேனா கண்ட தொடர்பின்படி, ஆன்டி டி சிட்டர் எனப்படும் ஒருவகை வளைந்த வெளிக்குள் நடக்கும் ஈர்ப்பு நிகழ்ச்சிகளும், அந்த வெளியின் விளிம்பில் ஈர்ப்பே இல்லாமல் நடக்கும் துகள் நிகழ்ச்சிகளும் ஒன்றே. அந்த வெளியில் எல்லையற்று நீளும் தட்டையான கருந்துளை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சீராக இருக்கும்போது அதைக் குறிக்க நான்கு எண்கள் போதும்: வெப்பநிலை, மற்றும் அது நகரும் வேகத்தின் மூன்று கூறுகள். இந்த நான்கும் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மெல்ல மாறட்டும் என்று விட்டார்கள். அப்படி விட்டவுடன் ஐன்ஸ்டைனின் சமன்பாடு உடைந்துபோகும். அதை மீண்டும் நிறைவேற்ற வெளியின் வடிவத்தில் சிறு திருத்தம் செய்ய வேண்டும்; பிறகு அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம். ஒவ்வொரு படியிலும் அவர்களுக்குக் கிடைத்த நிபந்தனை ஒன்றுதான்: நான்கு எண்களும் பாய்மவியலின் சமன்பாட்டைப் பின்பற்றினால் மட்டுமே இந்தக் கருந்துளை இருக்க முடியும். முதல் படியில் வந்த பாகுநிலை, அதே 1/4π-ஐத் தந்தது. இரண்டாம் படியில் வந்த கெழுக்களோ, இப்படிப்பட்ட பாய்மங்களுக்கு அதுவரை பெரும்பாலும் தெரியாதவை. பழைய எதிர்க்குறிப் பருமப் பாகுநிலை இங்கே தலைகாட்டவில்லை, அது சுழியாகிவிடுகிறது.

பாய்ம ஓட்டம் ஒன்றைத் தந்தால் அதற்கான கருந்துளையை எழுதித் தர முடியும் என்பது இதன் பொருள். மெல்ல மாறும் எந்தப் பாய்ம ஓட்டத்துக்கும் இது பொருந்தும். ஓட்டத்தில் சுழி இருந்தால் கருந்துளையின் மேற்பரப்பிலும் சுழி இருக்கும். என் பார்வையில் கடந்த இருபது ஆண்டுகளில் இந்திய மண்ணிலிருந்து வந்த கோட்பாட்டு இயற்பியல் பணிகளில் முதல் வரிசையில் வைக்கத் தக்கது இது. பட்டாச்சார்யா, மின்வாலாவோடு ஆர். லோகநாயகமும் சுபநீல் லாஹிரியும் சேர்ந்து எழுதிய கட்டுரை, சில மாதங்கள் முன்பே, சுழலும் பெரிய கருந்துளைகளின் பண்புகளைப் பாய்மக் கணக்கிலிருந்தே பெற்றுக் காட்டியது. பட்டாச்சார்யாவும் மின்வாலாவும் ஸ்பெண்டா வாடியாவுடன் செய்த அடுத்த பணி, குழாயில் ஓடும் நீருக்கு நாம் பயன்படுத்தும் அதே அமுக்கமுடியாத நாவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை ஈர்ப்பிலிருந்து வருவித்தது.

பாடம் எதிர்ப்பக்கமும் போனது. மின்னூட்டமுள்ள கருந்துளைகளுக்கு இதே கணக்கைச் செய்தபோது, பாய்மவியல் பாடநூல்களில் இல்லாத ஓர் உறுப்பு எட்டிப் பார்த்தது. பாய்மம் சுழலும்போது அந்தச் சுழலின் அச்சு வழியே ஒரு மின்னோட்டம் எழும் என்றது அது. முதலில் ஐயத்தோடு பார்க்கப்பட்டது. 2009-ல் சோனும் பியோத்ர் சுருவ்காவும், சில குவாண்டம் துகள்களால் ஆன பாய்மத்தில் அந்த உறுப்பு இருந்தே தீர வேண்டும் என்று, கருந்துளையின் துணையே இல்லாமல் நிறுவினார்கள். நூறாண்டுக்கு மேல் பழகிய ஒரு துறைக்குக் கருந்துளை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தது.

பாய்மத்தின் முரட்டுக் குணங்களும் அங்கே உண்டு. மெல்லிய நீர்த்தாரை துளிகளாக அறுவது போல, ஐந்து பரிமாண வெளியில் நீண்ட கயிறு வடிவக் கருந்துளை நிலைகுலையும் என்று 1993-ல் ரூத் கிரெகரியும் ரேமண்ட் லஃப்லாமும் காட்டியிருந்தார்கள். 2010-ல் லூயிஸ் லேனரும் ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸும் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, கயிறு மணிகளாகத் திரண்டு, மணிகளுக்கிடையே உள்ள இழை மேலும் சிறு மணிகளாகத் திரண்டு கொண்டே போனது. ஆன்டி டி சிட்டர் வெளியில் நிகழ்வெல்லை கொந்தளிப்பதையும் பிறகு கணினியில் கண்டார்கள். கொந்தளிப்பு ஓட்டம் இன்றும் தீராத புதிர். முப்பரிமாணத்தில் நாவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டின் தீர்வு எப்போதும் சீராகவே இருக்குமா என்ற கேள்விக்கு 2000-ல் அறிவிக்கப்பட்ட 10 லட்சம் டாலர் பரிசை இன்னும் எவரும் பெறவில்லை. இனி அதை வடிவியல் கேள்வியாகவும் கேட்கலாம் என்பது புதிய வாய்ப்பு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளை ஆன்டி டி சிட்டர் வெளியில் இல்லை. முழுமையான பொருத்தம் அந்த வெளியில்தான் நிறுவப்பட்டிருக்கிறது. இந்தக் குறையைக் கடக்க, வெளியின் பரிமாணங்களை மிகப் பெரிய எண்ணாக வைத்துப் பார்க்கும் முறையை ராபர்ட்டோ எம்பரான் போன்றோர் வளர்த்தார்கள். பரிமாணம் கூடக் கூட, கருந்துளையின் ஈர்ப்பு நிகழ்வெல்லையை ஒட்டிய மெல்லிய தோலுக்குள் ஒடுங்கிவிடுகிறது. அப்போது கருந்துளை, தட்டையான வெளியில் மிதந்து நெளியும் ஒரு படலம். அதன் இயக்கச் சமன்பாட்டை 2015-ல் எழுதியவர்களில் பட்டாச்சார்யாவும் மின்வாலாவும் உண்டு. நான்கு பரிமாணத்துக்கு இதை எவ்வளவு நம்பலாம் என்பது இன்னும் உழைப்பைக் கோரும் கேள்வி.

தருமபுரியிலும் பென்னாகரத்திலும் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாய்மவியல் பாடத்தில் நாவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் நாளில், இதே வரி கருந்துளையிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன மும்பைக் கட்டுரைகள் ஆர்க்கைவ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லோகநாயகம் இப்போது பணிபுரிவது பெங்களூருவின் பன்னாட்டுக் கோட்பாட்டு அறிவியல் மையத்தில். அந்த மையம் பொதுமக்களுக்கான உரைகளையும் நடத்துகிறது. தருமபுரியிலிருந்து பேருந்தில் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடும் தூரம்தான். மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள்.